உத்தரத்தில் ஒரு பஞ்சாங்கம்

காரைக்காலில் பைன் மரம் உண்டா என்று யாராவது கேட்டால், "ஏன் இல்லாமல்? எங்கள் மரவாடியில் இருக்கிறதே, படுத்த நிலையில்!" என்று சொல்வது என் வழக்கம்.

நியூஸிலாந்தில் நட்டு, வளர்த்து, வெட்டி, கப்பலேற்றி அனுப்புகிற சரக்கு அது. பெட்டி அடிக்க, கான்கிரீட்டுக்குப் பலகை கட்ட என்று மலிவாய் ஓடும். "அப்ப பீச்சுப் பக்கம் ஊசி ஊசியா நிக்குதே, அது என்ன சார்?" என்று கேட்பவர்கள் உண்டு. அது சவுக்கு. ஊசியிலை ஜாதியே இல்லை. ஊசி மாதிரித் தெரிவது இலைகூட இல்லை, பச்சைக் குச்சி. நிஜ இலை அந்தக் குச்சியின் கணுக்களில் பூதக்கண்ணாடி வைத்துத் தேடுகிற அளவுக்குப் பல் பல்லாய் ஒட்டிக்கொண்டிருக்கும். காய் வேறு சின்னக் கூம்பு மாதிரி இருந்து ஆளை ஏமாற்றும். நாலைந்து வருஷத்தில் வெட்டிக் காகித ஆலைக்கும் பந்தல் காலுக்கும் அனுப்பிவிடுகிற மரத்திடம் போய் வயசு விசாரிப்பதில் அர்த்தமில்லை.

நான் பேச வந்தது வயசைப் பற்றி. மனுஷர்களிடம் கேட்டால் ஜாதகத்தில் ஒன்று, ஸ்கூல் சர்டிபிகேட்டில் ஒன்று, ரேஷன் கார்டில் ஒன்று என்று மூன்று வயசு சொல்வார்கள். மரத்துக்கு ஒன்றுதான்.

அப்பா இந்த மரவாடியை என்னிடம் ஒப்படைக்கும்போது சொல்லிக்கொடுத்தது ஒரே பாடம். "பலகையோட முகத்தப் பாக்காத. அறுத்த தலையப் பாரு." பலகையின் முகத்தை வார்னிஷ் அடித்து எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம். அறுத்த தலையில் இருக்கிற வளையங்களை ஒன்றும் செய்ய முடியாது.

நியூஸிலாந்து பைனின் தலையைப் பாருங்கள். நடுப்பக்கத்து வளையங்கள் சில என் சுண்டுவிரல் அகலத்துக்கு இருக்கும். ஏறக்குறைய முப்பது வயசில் வெட்டிவிடுகிறார்கள். அதற்குள் ஒரு ஆள் கட்டிப்பிடிக்கிற பருமன் வந்துவிடுகிறது. நல்ல சாப்பாடு, நல்ல மழை, ஜம்மென்று வளர்ந்த பணக்கார வீட்டுப் பிள்ளை. இதற்கு நேரெதிர் அமெரிக்க மலை உச்சிகளில் இருக்கிற பிரிஸில்கோன் பைன். ஒரு அங்குலம் பருக்க நூறு வருஷம்கூட எடுத்துக்கொள்ளுமாம். 1964-ல் நெவாடாவில் ஆராய்ச்சி மாணவர் ஒருவர் அப்படி ஒரு மரத்தை அனுமதி வாங்கி வெட்டி எண்ணிப் பார்த்தார். 4,844 வளையம்! அன்றைக்குத் தெரிந்த மரங்களிலேயே வயசானதை வெட்டிச் சாய்த்திருக்கிறோம் என்பது எண்ணி முடித்த பிறகுதான் தெரிந்தது. இதை எங்கள் ஆசாரியாரிடம் சொன்னேன். நாற்பது வருஷமாய் மரம் அறுக்கிறவர், கையிலிருந்த இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு, "பாவி" என்றார். அவ்வளவுதான்.

வளையம் எப்படி வருகிறது? பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே மெல்லிசாய் ஓர் உயிர்ப் படலம் இருக்கிறது. மரம் பருப்பதெல்லாம் அந்த இடத்தில்தான். குளிர் நாட்டு ஊசியிலை மரம் வசந்தத்தில் விழித்துக்கொண்டதும் அவசர அவசரமாய்த் தண்ணீர் இழுக்கப் பெரிய பெரிய அறைகளாய்க் கட்டும். அது வெளிர் நிறம். கோடை முடிகிற சமயம் வேகம் குறைந்து, தடித்த சுவரோடு சின்னச் சின்ன அறைகள். அது கருப்பு. பிறகு பனி, தூக்கம். அடுத்த வசந்தம், மறுபடி வெளிர். ஒரு வெளிர், ஒரு கருப்பு, ஒரு வருஷம். நன்றாய்ப் பெய்த வருஷம் அகல வளையம். தண்ணீருக்குத் தவித்த வருஷம் ஒல்லி வளையம். மரம் தன் சாப்பாட்டுக் கணக்கைத் தானே எழுதி வைத்துக்கொள்கிறது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. மரம் பெரிசாக ஆக, மழை குறையாவிட்டாலும் வளையம் ஒல்லியாகிக்கொண்டே போகும். ஒரே கரண்டி மாவைச் சின்னக் கல்லில் ஊற்றினால் ஊத்தப்பம், பெரிய கல்லில் இழுத்தால் பேப்பர் ரோஸ்ட். அந்த மாதிரி. அந்த வயசுக் கழிவைக் கணக்குப் போட்டு நீக்கிவிட்டுத்தான் மழையைப் பற்றிப் பேச வேண்டும். போதாததற்கு, மரம் சில வருஷம் வளையமே போடாமல் டிமிக்கி கொடுக்கும். சில வருஷம் நடுவில் ஒரு வறட்சி வந்து போனால் ஒன்றுக்கு இரண்டாய்ப் போட்டுவிடும். அதனால் ஒரு மரத்தை மட்டும் எண்ணிவிட்டுச் சத்தியம் செய்யக்கூடாது. பல மரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, குண்டு, ஒல்லி, ஒல்லி, குண்டு என்று வரிசை ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். இதற்காக மரத்தை வெட்ட வேண்டியதும் இல்லை. பென்சிலை விடச் சன்னமாய் ஒரு குச்சியை மரத்துக்குள்ளிருந்து உருவி எடுக்கத் துளைக்கருவி இருக்கிறது. பைன் மரம் அந்த ஓட்டையைப் பிசின் விட்டு அடைத்துக்கொண்டு தன் வேலையைப் பார்க்கும்.

சரி, நம் ஊர் மரங்கள்? ஏமாற்றம்தான். தென்னையிலும் பனையிலும் வளையமே கிடையாது. தென்னையின் உடம்பில் தெரிகிற தழும்புகள் மட்டை விழுந்த அடையாளம். வருஷத்துக்கு ஏறக்குறைய பன்னிரண்டு மட்டை என்று வைத்துத் தோராயமாய் வயசு சொல்லலாம். மழையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க முடியாது. மாமரம், புளிய மரத்துக்கெல்லாம் நடுங்கித் தூங்குகிற மாதிரிக் குளிர்காலம் ஏது? கோடு மங்கலாய்க் கலைந்து கிடக்கும். தென்னிந்தியாவுக்கே சொந்தமான ஊசியிலை மரம் ஒன்றே ஒன்றுதான். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டுக்குள் நிற்கிறது. அதன் இலை ஊசியாய்க்கூட இல்லை, பட்டையாய் இருக்கும்! மலைக்காரர்களுக்கே வழி கேட்டுப் போக வேண்டிய மரம்.

நமக்கு வாய்த்தது தேக்கு. கோடையில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு மொட்டையாய் நின்று, மழை வந்ததும் பெரிய துளைகளோடு புதுக் கட்டையை ஆரம்பிக்கிறது. அதனால் ஊசியிலை மரம் மாதிரியே தெளிவாய் வருஷக்கோடு விழுகிறது. வெள்ளைக்காரர் காலத்துக் காட்டிலாகாக்காரர்கள் இதை எப்போதோ கவனித்துவிட்டார்கள். டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் கே.ஏ. சௌத்ரி என்பவர் 1930-களிலேயே இந்திய மரங்களின் வளையங்களை உட்கார்ந்து ஆராய்ந்திருக்கிறார்.

சில வருஷங்களுக்கு முன் ஊருக்குள் ஒரு பழைய வீட்டை இடித்தார்கள். பிரெஞ்சுக்காரர் காலத்து வீடு. வாரிசுகளில் பாதிப் பேர் பிரான்ஸில். கதவு, நிலை, தூண், உத்தரம் எல்லாவற்றையும் மொத்தமாய் நான் எடுத்தேன். இப்போதெல்லாம் பழைய மரத்துக்குத்தான் மவுசு. ரிசார்ட்காரர்கள் லாரியோடு வந்து நிற்கிறார்கள். எதற்கும் அவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை வருஷத்து மரம்?" வியாபாரிகள் சொல்கிற பதிலும் ஊர் முழுக்க ஒன்றே: "இருநூறு வருஷம் சார்!" இருநூறுக்குக் கீழே யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்த வீட்டில் பதினாலடி நீளத்தில் ஒரு உத்தரம். பத்தங்குலம் உயரம், எட்டங்குலம் கனம். பர்மாத் தேக்கு. அறுத்த தலையில் புழுதி. ஆசாரியார் லேசாய் இழைத்துக்கொடுக்க, நான் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். கோடுகள் கண்ணாடி மாதிரி எழும்பி வந்தன. பேத்தியின் பூதக்கண்ணாடியைக் கடன் வாங்கிக் குண்டூசி குத்திக் குத்தி எண்ணினோம்.

"நூத்து முப்பத்தொண்ணு, தாத்தா!"

"மொதலாளி, அப்ப வீட்டுக்கு வயசு நூத்து முப்பத்தொண்ணா?"

"இல்ல ஆசாரியாரே, அது மரம் பூமியில நின்ன கணக்கு. அதுவும் முழுசா இல்ல."

ஏன் முழுசாய் இல்லை? உத்தரம் செதுக்கும்போது வெளிப்பக்கத்து வெள்ளையை எடுத்துவிடுவார்கள், கரையான் பிடிக்கும் என்று. அதோடு கடைசிப் பல வருஷங்கள் போச்சு. நடுத்தண்டும் இதில் இல்லை, ஆரம்ப வருஷங்களும் போச்சு. பர்மாவில் இன்னொரு வழக்கம். பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. அதனால் அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் வெள்ளையையும் வெட்டி, நின்ற நிலையிலேயே சாகவிட்டு, இரண்டு மூன்று வருஷம் காயவைத்துப் பிறகுதான் சாய்ப்பார்கள். யானை இழுத்து ஆற்றில் தள்ளும். ஆற்றில் மிதந்து, துறைமுகம் வந்து, கப்பலேறி இங்கே வந்து சேர எத்தனை காலமோ! ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மாறியும் வந்திருக்கலாம். ஆக, மரத்துக்குக் குறைந்தபட்சம் 131 வயசு என்பது நிச்சயம். எந்த 131 வருஷம்? அதுதான் தெரியாது.

வெளி விளிம்பிலிருந்து நாற்பது வளையம் உள்ளே தள்ளி, ஐந்தாறு கோடுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஒல்லி ஒல்லியாய் இருந்தன. மரம் பட்டினி கிடந்த வருஷங்கள். பூதக்கண்ணாடியை அங்கேயே வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அப்பாயி ஞாபகம்.

அப்பாயி வருஷத்துக்கு நம்பர் சொல்ல மாட்டாள். பிரபவ, விபவ என்று பேர்தான். அவளுடைய பாட்டி தாது வருஷத்துப் பஞ்சத்தில் சேலம் பக்கமிருந்து எட்டு வயசில் கால்நடையாய் இந்தக் காவிரிக்கரைக்கு வந்து சேர்ந்தவள். கூட வந்த அண்ணன், சோறு போடுகிறார்கள் என்று காரைக்காலில் கப்பலேறினான். அவ்வளவுதான், போனவன் போனவன்தான். "மூணு வருஷம் வானத்துல மேகமே இல்லையாம். மரமெல்லாம் நின்ன வாக்குல செத்துச்சாம்" என்று அப்பாயி சொல்லும்போது சித்தப்பா சிரிப்பார். "மூணு மாசம்னு இருந்திருக்கும். கிழவி கணக்கு!"

பேர் சொல்கிற கணக்கில் ஒரு வம்பு. அறுபது வருஷத்துக்கு ஒரு தரம் அதே பேர் திரும்பி வரும். தாது என்றால் 1876-ஆ, 1936-ஆ, 1996-ஆ? பக்கத்தில் ஒரு நிச்சயமான சம்பவம் இருந்தால்தான் சொல்ல முடியும். என் உத்தரத்தின் கதியும் அதுவே. உள்ளே வரிசை சுத்தமாய் இருக்கிறது. எதோடு கோப்பது என்று தெரியாமல் அந்தரத்தில் மிதக்கிறது.

இப்படி மிதந்த ஒரு வரிசையைத் தரையில் இறக்கியவர் ஏ.ஈ. டக்ளஸ் என்கிற அமெரிக்கர். தொழில் வானசாஸ்திரம். சூரியனில் பதினோரு வருஷத்துக்கு ஒரு தரம் கூடிக் குறைகிற கரும்புள்ளிகளின் பாதிப்பு மரத்தில் தெரிகிறதா என்று தேட ஆரம்பித்து, அரிஸோனாவின் பைன் மரங்களிலேயே ஆயுசைக் கழித்துவிட்டார். அந்தப் பாலைவனத்தில் செவ்விந்தியர்களின் பழைய கல் வீடுகள் நிறைய. அவற்றின் உத்தரங்களும் பைன்தான். உயிரோடு நிற்கிற மரங்களிலிருந்து பின்னோக்கிப் போன வரிசை ஒன்று. பழைய உத்தரங்களின் மிதக்கிற வரிசை ஒன்று. நடுவே ஒட்டவில்லை. 1929-ல் ஷோ லோ என்கிற ஊரில் கரி பிடித்த ஒரு உத்தரத் துண்டு கிடைத்தது. அதன் ஒரு பக்கம் இந்த வரிசையோடும் மறுபக்கம் அந்த வரிசையோடும் கச்சிதமாய்ப் பொருந்தியது. அன்றைக்கே அத்தனை பழைய வீடுகளுக்கும் வருஷம் சொல்ல முடிந்தது. ஒரு கரிக்கட்டைக்கு அவ்வளவு மதிப்பு!

நம் தேசத்திலும் இந்த வேலை நடந்திருக்கிறது. ஹிமாசலத்தின் லாஹுல் பகுதியில் ஜூனிபர் என்கிற ஊசியிலை மரங்களை ஒட்டி ஒட்டி, லக்னோவின் பீர்பால் சாஹ்னி நிறுவனத்தார் 1,584 வருஷத்துக்குத் தொடர்ச்சியான வரிசை தயார் செய்து 2006-ல் வெளியிட்டார்கள். எங்கள் ஊர் காரைக்கால் அம்மையாரை ஆறாம் நூற்றாண்டு என்று சொல்பவர்கள் அதிகம். அதற்கும் முன்னாலிருந்து கணக்கு! ஆனால் அங்கே மரத்துக்குச் சாப்பாடு பெரும்பாலும் பனி. நம் மழையைப் பற்றி அதனிடம் கேட்க முடியாது. பக்கத்து சாட்சி கேரளத்துத் தேக்கு. புனேயின் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தில் போர்காவ்ங்கரும் அவருடைய குழுவும் 1481-லிருந்து 2003 வரை 523 வருஷத்து வளையங்களைக் கோத்து 2010-ல் வெளியிட்டார்கள். பசிபிக் கடல் சூடேறுகிற எல் நினோ வருஷங்களும் மழை பொய்த்த வருஷங்களும் அதில் ஒல்லி வளையங்களாய் நிற்கின்றன.

மழை அளக்கிற சர்க்கார் கணக்கு எவ்வளவு இளசு என்று யோசித்துப் பாருங்கள். சென்னையில் வானாராய்ச்சிக் கூடம் 1792-ல் வந்தது. இந்திய வானிலைத் துறை பிறந்தது 1875-ல். பிறந்த மறு வருஷமே தாது! தொட்டிலில் இருக்கும்போதே சுடுகாட்டைக் காட்டின மாதிரி. அதற்கு முந்தி எத்தனை பஞ்சம், எவ்வளவு நீளம் என்று சொல்ல ஆவணம் அரைகுறை. காவிரியில் இவ்வளவு வந்தால் சாதாரண வருஷம், இவ்வளவு குறைந்தால் பற்றாக்குறை வருஷம் என்று நாம் போடுகிற சண்டையெல்லாம் அந்த நூற்றைம்பது வருஷத்துக் குட்டிக் கணக்கை வைத்துத்தான். கடைமடையில், அரசலாற்றுத் தண்ணீரை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிற எங்களுக்கு அதற்கு முந்தின பக்கங்களும் வேண்டும்.

அந்தப் பக்கங்கள் கொஞ்சம் கிடைத்தன. அதே 2010-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் குக் குழுவினர், ஆசியா முழுக்க முன்னூறுக்கும் மேற்பட்ட இடங்களின் மர வளையங்களைச் சேர்த்துப் பருவமழை வறட்சிக்கு ஒரு வரைபடத் தொகுப்பே போட்டார்கள். அதில் நாலு பெரிய வறட்சிகளைத் தனியே எடுத்துச் சொல்கிறார்கள். 1638 முதல் 1641 வரை ஒன்று. 1756 முதல் 1768 வரை ஒன்று. பன்னிரண்டு வருஷத்துக்கு மேல், நினைத்தாலே தொண்டை வறள்கிறது. 1790 முதல் 1796 வரை ஒன்று. நாலாவது, 1876 முதல் 1878 வரை.

மூன்று வருஷம், சித்தப்பா! அப்பாயி ஒரு மாசம்கூடக் கூட்டிச் சொல்லவில்லை. படிக்கும்போது எனக்குக் கண் கலங்கியது என்றால் மிகை; ஆனால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அந்தப் பஞ்சத்தில் பிரிட்டிஷ் இந்தியாவில் மட்டும் ஐம்பது லட்சத்துக்கும் மேல் செத்தார்கள் என்பது வழக்கமாய்ச் சொல்கிற மதிப்பு. டெல்டாவில் ஆற்றுத் தண்ணீரின் தயவில் அடி கொஞ்சம் குறைவு. அதனால்தான் வறண்ட ஜில்லாக்காரர்கள் இந்தப் பக்கம் நடந்தார்கள். காரைக்கால் பிரெஞ்சுத் துறைமுகம். புதுச்சேரியிலிருந்தும் இங்கிருந்தும் ரீயூனியன், குவாதலூப், மார்த்தினிக் என்று கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளைக் கப்பல் கப்பலாய் ஏற்றிக்கொண்டிருந்த காலம். அப்பாயியின் பாட்டியுடைய அண்ணன் அதில் எந்தத் தீவோ!

பர்மாத் தேக்குக்கும் இப்போது வரிசை இருக்கிறது. மாண்டலேக்கு வடக்கே ஒரு காட்டிலிருந்து 1613 முதல் 2009 வரை கோத்து, 2011-ல் வெளியிட்டிருக்கிறார்கள். அப்படியானால் என் உத்தரத்தின் வரிசையை அதன் மேல் வைத்து நகர்த்தி நகர்த்திப் பார்த்தால் எங்காவது பொருந்தலாம். அந்த ஐந்தாறு ஒல்லிக் கோடுகள் எந்த வருஷம் என்று தெரிந்துவிடலாம். தாது வருஷத்துக்கு முந்தின மரமாய் இருந்தால் 1790-ஓ 1760-ஓ! காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம் என்று இந்தக் கரையில் எத்தனை வீட்டு உத்தரம் இப்படி நிற்கிறது, எத்தனை நாள்தோறும் இடிபட்டு இழைப்புளிக்குப் போகிறது! இழைத்துத் தள்ளுகிற சுருளோடு சேர்ந்து பழைய மழையும் போகிறது என்று எந்த வியாபாரியிடம் போய்ச் சொல்வது? நானும் அந்த வியாபாரிதானே.

உத்தரத்துக்கு ஒரு ரிசார்ட்காரர் அட்வான்ஸ் கொடுத்திருந்தார். பதினாலடியும் முழுசாய் வேண்டும், ஊஞ்சல் பலகைக்கும் சட்டத்துக்கும். தலைப்பக்கம் இரண்டங்குலம் அறுத்து எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அளவு குறைந்தால் விலையும் குறையும் என்றார். குறைத்துக்கொண்டேன்.

"வெறகுத் துண்டுக்கு இவ்வளவு ரூபாயா? அப்பாவுக்கு என்னமோ ஆயிடுச்சு" என்றான் மகன்.

ஆசாரியார் ஒன்றும் சொல்லவில்லை. பட்டறைக்கும் பழக்கத்துக்கும் விரோதமாய், பல் சன்னமான ரம்பமாய்ப் பார்த்து எடுத்து, மெதுவாய் அறுத்துக் கொடுத்தார். அந்த ஒல்லிக் கோடுகளின் மேல் பென்சிலால் ஒரு பிறை போட்டு, துணி சுற்றி, பீரோவில் வைத்திருக்கிறேன். புனேக்கு எழுத வேண்டும். பேத்திதான் இங்கிலீஷில் எழுதித் தருவதாய்ச் சொல்லியிருக்கிறாள்.

மிச்ச உத்தரம் இப்போது கடற்கரை ரிசார்ட் ஒன்றின் முற்றத்தில் ஊஞ்சலாய் ஆடுகிறது. வருகிறவர்கள் எத்தனை வருஷத்து மரம் என்று கேட்டால் முதலாளி இருநூறு என்கிறாராம். பில்லில் நான் தெளிவாய் எழுதியிருக்கிறேன்: "பழைய பர்மாத் தேக்கு. வளையம் 131. குறைந்தபட்சம்."